அழிவை நெருங்கும் இருவாழ்விகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவளைகளையும் அவற்றின் உறவினங்களையும் காப்பது பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. ஓரிடத்தில் விளக்கியதை மறுபடி விளக்காமல், அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

1. இருவாழ்விகள் என்றால் தவளைகள் மட்டும்தானே?

இல்லை, அவற்றில் மூன்று பிரிவுகள் உண்டு. தவளைகளும் தேரைகளும் முதல் பிரிவு. வாலுள்ள சாலமாண்டர்களும் நியூட்களும் இரண்டாவது. காலே இல்லாமல், பெரிய மண்புழுவைப் போன்ற உடலுடன் ஈரமண்ணுக்குள் வாழும் சிசிலியன்கள் மூன்றாவது; பாம்பு என்று எண்ணி இவற்றை அடித்துக் கொல்பவர்கள் பல நாடுகளில் உண்டு. இதுவரை அறிவியல் பெயர் சூட்டப்பட்ட இருவாழ்வி இனங்கள் 8,700-க்கும் மேல் இருக்கும். அவற்றுள் மிகப் பெரும்பான்மை தவளைகளும் தேரைகளுமே என்பதால் பேச்சு வழக்கில் மற்ற இரண்டும் மறந்துபோகின்றன.

2. மழை பெய்தால் எங்கே பார்த்தாலும் தவளைச் சத்தம் கேட்கிறதே, பிறகு எப்படி அழிகிறது என்கிறீர்கள்?

நம் காதில் விழுவது பெரும்பாலும் வயலிலும் குட்டையிலும் சாக்கடையிலும்கூடப் பிழைத்துக்கொள்ளும் சில பொது இனங்களின் குரல். அவற்றின் பரப்பு பல நாடுகளுக்கு விரிந்திருக்கிறது. அழிவை எதிர்கொள்ளும் இனங்களின் நிலை வேறு. ஒரு மலையுச்சி, ஒரு பள்ளத்தாக்கு, சில நேரங்களில் ஒரே ஓர் ஓடை என்று அவற்றின் மொத்த உலகமும் அந்தச் சிறு இடத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஓடை வற்றினால் அந்த இனத்துக்குப் போக்கிடம் இல்லை.

ஆகவே ஓரிடத்தில் நூறு தவளைகள் கத்துகின்றன என்பதைவிட, எந்தெந்த இனங்கள் கத்துகின்றன என்பதே முக்கியம். பத்து இனங்கள் இருந்த காட்டில் மூன்று மட்டும் எஞ்சி, அந்த மூன்றும் பெருகிவிட்டால், இரவின் ஒலி குறைந்ததாகவே தோன்றாது.

3. எத்தனை இனங்கள் ஆபத்தில் இருக்கின்றன? அந்தக் கணக்கைப் போட்டது யார்?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பராமரிக்கும் சிவப்புப் பட்டியலே இதற்கு அடிப்படை. உலகின் இருவாழ்விகள் அனைத்தையும் மதிப்பிடும் முதல் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இனங்கள் அழியும் அபாயத்தில் உள்ளன என்று அது அறிவித்தபோது துறைக்குள் இருந்தவர்களே அதிர்ந்தார்கள். இரண்டாவது முழு மதிப்பீடு 2023-இல் வெளியானது. 8,011 இனங்களை ஆராய்ந்த அது, ஐந்தில் இரண்டு பங்குக்கு, அதாவது 40.7 விழுக்காட்டுக்கு, அபாயம் இருப்பதாகக் கண்டது. பாலூட்டிகளில் இந்த அளவு சுமார் 27, ஊர்வனவற்றில் 21, பறவைகளில் 13 விழுக்காடு. முதுகெலும்புள்ள விலங்குகளில் இந்த அளவுக்கு விரிவாக மதிப்பிடப்பட்ட வகுப்புகளுள் மிக மோசமான நிலையில் இருப்பவை இருவாழ்விகளே. அவற்றுக்குள்ளும் சாலமாண்டர்கள் இன்னும் மோசம். ஐந்தில் மூன்று இனங்கள் அபாயப் பிரிவில் உள்ளன.

4. இது எப்போதிலிருந்து தெரியும்? திடீரென்று எல்லோரும் பேசத் தொடங்கியது ஏன்?

1989-இல் இங்கிலாந்தின் கான்டர்பரியில் நடந்த முதல் உலக இருவாழ்வி, ஊர்வன மாநாட்டில் பல கண்டங்களிலிருந்து வந்த ஆய்வாளர்கள் தத்தம் களத்தில் கண்டதைப் பேசிக்கொண்டபோதுதான், தனித்தனியாக நடப்பதாக நினைத்தது ஒரே நேரத்தில் உலகெங்கும் நடக்கிறது என்பது புரிந்தது. கோஸ்டா ரிக்காவின் மொன்டிவெர்டே மேகக்காட்டில் வாழ்ந்த பொன்தேரை அந்தக் காலத்தின் அடையாளமாக நின்றுவிட்டது. 1987-இல் இனப்பெருக்கக் காலத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பொன்தேரைகள் தரைக் குட்டைகளில் கூடின. 1989-இல் தென்பட்டது ஒரே ஓர் ஆண். அதற்குப் பிறகு எவரும் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது இதைவிட வேதனையானது. குயின்ஸ்லாந்தின் மலையோடைகளில் வாழ்ந்த ஒரு தவளை, கருவுற்ற முட்டைகளைத் தாயே விழுங்கி, இரைப்பையில் வைத்து வளர்த்து, முழு வளர்ச்சி பெற்ற குட்டித் தவளைகளாக வாய்வழியே வெளியே விட்டது. அந்த வாரங்களில் தாய் இரை எடுக்காது. வயிற்றில் அமிலம் சுரப்பதும் நின்றுவிடும். அமிலத்தை நிறுத்திய அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயத் தொடங்கியபோதே விலங்கு இல்லாமல் போயிற்று. 1973-இல் அறிவியலுக்கு அறிமுகமான இனம், 1981-க்குப் பின் காட்டில் தென்படவில்லை; வளர்ப்பில் இருந்த கடைசித் தவளை 1983-இல் இறந்தது. 1984-இல் கண்டறியப்பட்ட அதன் நெருங்கிய உறவினமும் அடுத்த ஆண்டே மறைந்தது.

5. மற்ற விலங்குகளைவிட இவை ஏன் இவ்வளவு எளிதில் பாதிக்கப்படுகின்றன?

தோலில்தான் விடை இருக்கிறது. இருவாழ்விகள் தோல் வழியாக நீரை உறிஞ்சுகின்றன, உப்புகளைச் சமன்செய்கின்றன, ஓரளவோ முழுமையாகவோ சுவாசிக்கின்றன. நுரையீரலே இல்லாத சாலமாண்டர் குடும்பம் ஒன்றும் உண்டு. அதன் உறுப்பினர்கள் தோலாலும் வாயின் உட்படலத்தாலும் மட்டும் உயிர்வாழ்கின்றன. எதையும் உள்ளே விடும் தோல், பூச்சிக்கொல்லியையும் உரக் கழிவையும் நோய்க்கிருமியையும்கூட உள்ளே விடும். காற்றில் ஈரம் குறைந்தால் உடல் விரைவில் உலரும்.

இரண்டாவது, பெரும்பாலான இனங்களுக்கு இரண்டு வாழிடங்கள் வேண்டும். முட்டைக்கும் தலைப்பிரட்டைக்கும் நல்ல நீர், வளர்ந்த விலங்குக்கு நிழலும் ஈரமும் உள்ள நிலம், இரண்டுக்கும் இடையே தடையில்லாத வழி. மூன்றில் ஒன்று அறுந்தாலும் சுழற்சி நின்றுவிடும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகும் இனங்கள் நீரைச் சார்ந்திருப்பதில்லை. ஆனால் இலைச்சருகின் ஈரம் அவற்றுக்கு உயிர்நாடி. இவற்றோடு, கேள்வி 2-இல் சொன்ன குறுகிய பரப்பும் சேர்ந்துகொள்கிறது.

6. முதன்மையான காரணம் எது? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும் என்றால் வாழிட அழிவு. வேளாண்மைக்காகக் காடு திருத்துவதும், மரம் வெட்டுவதும், சதுப்பு நிலங்களை வடிப்பதும், அணையும் சாலையும் அமைப்பதும் அபாயத்திலுள்ள மிகப் பெரும்பாலான இனங்களைப் பாதிக்கின்றன. எண்ணிக்கையில் அதிக இனங்களை நெருக்குவது இதுவே.

ஆனால் எந்தக் காரணம் எத்தனை இனங்களைத் தொடுகிறது என்பதும், எது எவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்பதும் வேறு வேறு. காடு அழியும்போது இனம் படிப்படியாகக் குறையும். நோய் வந்தால் சில மாதங்களில் முடிந்துவிடும். காலநிலை மாற்றமோ இப்போதுதான் முன்னுக்கு வருகிறது. 2004-க்கும் 2022-க்கும் இடையே நிலைமை மோசமான இனங்களில் 39 விழுக்காட்டுக்கு அதுவே முதன்மைக் காரணம் என்று 2023 மதிப்பீடு சொல்கிறது. ஓர் இனத்தைக் காப்பாற்ற முற்படுபவர் முதலில் கேட்க வேண்டியது, ‘இந்த இடத்தில் இந்த இனத்தைக் கொல்வது எது?’ என்பதுதான். பொதுவான காரணப் பட்டியல் அதற்கு விடையாகாது.

7. ஏதோ பூஞ்சை நோய் என்கிறார்களே, அது உண்மையில் என்ன செய்கிறது?

அதன் பெயர் கைட்ரிட் பூஞ்சை. நீரில் நீந்திச் செல்லும் நுண்ணிய வித்துகளாகப் பரவி, இருவாழ்விகளின் தோலில் உள்ள கெரட்டின் (நகத்திலும் முடியிலும் இருக்கும் கடினப் புரதம்) அடுக்கில் குடியேறுகிறது. தோல் தடிக்கிறது, சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளைக் கடத்தும் வேலை தடைபடுகிறது, இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து இறுதியில் இதயம் நின்றுவிடுகிறது. மனிதர் தோலில் வரும் படர்தாமரையைப் போல வெறும் மேற்பூச்சு நோய் அல்ல இது. தோலே உள்ளுறுப்பாக இயங்கும் விலங்குக்குத் தோல் நோய் என்பது உயிர்நோய்.

களத்தில் நோயுற்ற தவளையை ஓரளவு அடையாளம் காணலாம். இரவில் நடமாட வேண்டிய விலங்கு பட்டப்பகலில் திறந்த வெளியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பின்னங்கால்களை உடலோடு ஒட்டி மடக்காமல் விரித்துப் போட்டிருக்கும். தோல் அளவுக்கு மீறி உரிந்து தொங்கும். மல்லாக்கப் புரட்டினால் தானாகத் திரும்பிக்கொள்ளத் தெம்பு இருக்காது. தலைப்பிரட்டைகளுக்கு வாய்ப்பகுதியில் மட்டுமே கெரட்டின் உண்டு என்பதால் அவை தொற்றைச் சுமந்தபடியே உயிரோடு இருக்கும். உருமாற்றம் முடிந்து கால் முளைத்துக் கரையேறும் தறுவாயில் கொத்தாகச் சாகும். ஓடை நிறையத் தலைப்பிரட்டைகள் இருப்பதைக் கண்டு எல்லாம் நலம் என்று எண்ணுவது இதனால்தான் தவறாகிறது.

2019-இல் வெளிவந்த உலகளாவிய தொகுப்பாய்வு, குறைந்தது 501 இனங்களின் வீழ்ச்சியில் இந்தப் பூஞ்சைக்குப் பங்கு உண்டு என்றும், அவற்றுள் 90 அழிந்திருக்கக்கூடும் என்றும் கணக்கிட்டது. பதிவான வரலாற்றில் வேறெந்த ஒற்றை நோய்க்கிருமியும் உயிரினப் பன்மைக்கு இவ்வளவு இழப்பை ஏற்படுத்தியதில்லை.

8. அது எங்கிருந்து வந்தது? இயற்கையாகவே இருந்ததுதானே?

கிழக்கு ஆசியாவில் இயற்கையாகவே இருந்தது என்றே 2018-இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. அங்குள்ள தவளைகள் நெடுங்காலம் அதனோடு வாழ்ந்து பழகியவை. பிற கண்டங்களின் தவளைகள் அதை அறியாதவை. இருபதாம் நூற்றாண்டின் விலங்கு வணிகமே பூஞ்சையை அவற்றிடம் கொண்டு சேர்த்தது. உணவுக்காகவும் வளர்ப்புக்காகவும் ஆய்வுக்காகவும் உயிருள்ள தவளைகள் கோடிக்கணக்கில் கடல் கடந்தன. 1930-களிலிருந்து பெண்களின் கருவுறுதலைச் சோதிக்கப் பயன்பட்ட ஆப்பிரிக்க நகத்தவளையும், பண்ணைகளில் வளர்க்கப்படும் அமெரிக்கக் காளைத்தவளையும் தாம் சாகாமல் தொற்றைச் சுமக்கக் கூடியவை.

இதே கதை சாலமாண்டர்களுக்கும் நடந்தது. நெதர்லாந்தின் நெருப்புச் சாலமாண்டர்கள் சரசரவென்று மறைந்ததை ஆராய்ந்தபோது, அதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டாவது பூஞ்சை ஒன்று 2013-இல் கண்டறியப்பட்டது. அதுவும் ஆசியாவிலிருந்து வளர்ப்பு விலங்கு வணிகத்தின் வழியே வந்ததுதான். உலகின் மிகுதியான சாலமாண்டர் வகைகள் வாழும் அமெரிக்கா, நோய் எல்லைக்குள் நுழையும் முன்பே, 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. நோய் வந்தபின் செய்யக்கூடிய எதையும்விட இந்த ஒரு முன்னெச்சரிக்கைக்குப் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

9. பூஞ்சைக்கு மருந்து இருக்கிறதல்லவா? கொடுத்துக் குணப்படுத்த வேண்டியதுதானே?

வளர்ப்பில் உள்ள தவளையைப் பூஞ்சைக்கொல்லி கலந்த நீரில் நாள்தோறும் சற்று நேரம் வைத்துக் குணப்படுத்த முடியும். ஆனால் மீண்டும் ஓடையில் விட்டால் மீண்டும் தொற்றும். காட்டிலேயே நோயை ஒழிக்க முடிந்தது ஸ்பெயினின் மயோர்க்கா தீவில். அங்குள்ள மருத்துவச்சித் தேரைகள் இனம்பெருக்கும் சில மலைக்குட்டைகளிலிருந்து தலைப்பிரட்டைகளை வெளியே எடுத்து, மருந்தில் வைத்துக் குணமாக்கி, நீரை வடித்து, பாறைகளைக் கிருமிநாசினியால் கழுவி, பின் அவற்றைத் திரும்ப விட்டார்கள். 2015-இல் வெளியான முடிவு வெற்றியைக் காட்டியது. அங்கே இருந்தது ஒரே இருவாழ்வி இனம், குட்டைகள் சில, பாறைத் தொட்டி போன்றவை. மழைக்காட்டு ஓடை முழுவதற்கும் கிருமிநாசினி ஊற்றவும் முடியாது, ஊற்றவும் கூடாது.

வேறு வழிகளும் சோதிக்கப்படுகின்றன. பூஞ்சையைத் தடுக்கும் ஊதாநிற பாக்டீரியா ஒன்றைத் தோலில் குடியேற்றியது கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தவளைகளிடம் ஆய்வகத்தில் பலன் தந்தது. பனாமா பொன்தவளையிடம் அது நிலைக்கவில்லை. பூஞ்சைக்கு 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம்தான் உகந்தது. அதைவிடச் சூடானால் தளர்ந்துவிடும். இதைக் கொண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓட்டையுள்ள செங்கற்களைச் சிறு பசுமைக் கூடாரத்துக்குள் அடுக்கி வெயிலில் வைத்தார்கள். பச்சைப்பொன் மணித்தவளைகள் தாமாகவே அந்தச் சூடான துளைகளுக்குள் போய் அமர்ந்தன, தொற்றிலிருந்து மீண்டன, பிறகு குளிர்ந்த இடத்தில்கூட மறுதொற்றைத் தாங்கின. 2024-இல் வெளியான இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். செலவு குறைவு, விலங்கைத் தொடவே தேவையில்லை. ஆனால் வெப்பத்தைத் தாங்காத, குளிர்மலை இனங்களுக்கு இது பொருந்தாது.

10. ஒரு தவளை இனம் போனால் மனிதருக்கு என்ன நட்டம்?

கணக்கிட்டுக் காட்டக்கூடிய நட்டம் உண்டு. கோஸ்டா ரிக்காவிலும் பனாமாவிலும் பூஞ்சை அலை கடந்துபோன பகுதிகளில், இருவாழ்விகள் சரிந்ததைத் தொடர்ந்து சில ஆண்டுகள் மலேரியா கூடியதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. பனாமாவின் எல் கோப்பே காட்டில் தவளைகள் மறைந்தபின் அவற்றை உண்டு வாழ்ந்த பாம்புகளின் வகைகளும் குறைந்தன. தலைப்பிரட்டைகள் சுரண்டி உண்ணாத ஓடைகளில் பாசி தடித்துப் படர்கிறது. கேள்வி 4-இல் சொன்ன இரைப்பைத் தவளையிடம் மருத்துவம் கற்றிருக்கக்கூடியது என்ன என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

பயன் இருந்தால்தான் வாழ உரிமை என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

11. விலங்குக் காட்சியகத்தில் வளர்த்தால் போதாதா? இனம் அழியாமல் இருக்குமே.

சில வேளைகளில் அது ஒன்றே வழி. தான்சானியாவின் கிஹான்சி அருவித்தேரை, அருவித் தூறல் படும் இரண்டே ஹெக்டேர் நிலத்தில் மட்டும் வாழ்ந்தது. நகத்தளவே உள்ள, முட்டையிடாமல் குட்டி ஈனும் இந்தத் தேரை 1996-இல்தான் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நீர்மின் அணை ஆற்றைத் திருப்பியதால் அருவியின் நீர் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 2000-இல் 499 தேரைகளை நியூயார்க்கின் பிராங்ஸ் காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2009-இல் காட்டில் அழிந்த இனமாக அது அறிவிக்கப்பட்டபோது, எஞ்சியவை கண்ணாடித் தொட்டிகளில் மட்டுமே இருந்தன. 2012 முதல் பள்ளத்தாக்கில் மீண்டும் விடப்பட்டன.

ஆனால் வளர்ப்பு நேரத்தை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்தத் தேரைகளே வளர்ப்பின் தொடக்க ஆண்டுகளில் பெருமளவு மடிந்து, ஒரு கட்டத்தில் நூற்றுக்கும் கீழே போயின. ஒளி, உணவு, ஒட்டுண்ணி என்று ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. தலைமுறைகள் கடக்கும்போது மரபு வேறுபாடு குறையும். கொன்ற காரணம் காட்டில் இன்னும் இருந்தால் திரும்ப விடுவதில் பொருளில்லை. பனாமா பொன்தவளை 2009-க்குப் பிறகு காட்டில் தென்படவில்லை. வளர்ப்பில் நிறைய உண்டு. பூஞ்சை ஓடையிலேயே காத்திருக்கிறது.

12. ஆக்சலாட்டல் மீன்தொட்டிகளில் எங்கும் வளர்கிறதே, அதைப் போய் அருகிய இனம் என்கிறார்களே?

இரண்டும் உண்மை. ஆக்சலாட்டல் நீரிலேயே வாழும் ஒரு சாலமாண்டர்; மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் அதன் எஞ்சிய இயற்கை வாழிடம். அங்கே 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தன. 2014 கணக்கெடுப்பில் 36. கழிவுநீரும், உணவுக்காக விடப்பட்டு முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும் கெண்டை, திலாப்பியா மீன்களும் அதைத் தீர்த்துக்கட்டின.

தொட்டியில் வளர்பவை, 1860-களில் பாரிசுக்குப் போன சில விலங்குகளின் வழித்தோன்றல்களிலிருந்து பெருகியவை. இடையில் புலிச் சாலமாண்டரின் மரபும் கலந்திருக்கிறது. கால்வாய்க்குத் தேவையானவை அவை அல்ல. அங்கே இப்போது செய்யப்படும் பயனுள்ள வேலை, உழவர்களோடு சேர்ந்து மிதவைத் தோட்டங்களை ஒட்டிய சிறு வாய்க்கால்களை வடிகட்டித் தடுப்பால் மறித்து, மீன் நுழையாத தூய நீரை உருவாக்குவதே.

13. பண்ணையில் ஆயிரக்கணக்கில் வளர்த்துக் காட்டில் விட்டால் எண்ணிக்கை கூடிவிடுமே?

எண்ணிக்கை கூடலாம், இனம் அழியலாம். சீனப் பெருஞ்சாலமாண்டர் 1.8 மீட்டர் வரை வளரக்கூடியது. இறைச்சிக்காகப் பண்ணைகளில் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் பண்ணை விலங்குகள் ஆறுகளில் விடப்பட்டன. பிறகு 2018-இல் வெளியான மரபணு ஆய்வு, ஒரே இனம் என்று கருதப்பட்டது உண்மையில் குறைந்தது ஐந்து என்று காட்டியது. வெவ்வேறு ஆற்றுப்படுகைகளில் பல இலட்சம் ஆண்டுகளாகப் பிரிந்து வளர்ந்த மரபுகளைப் பண்ணை ஒன்றாகக் கலந்து, கலப்பினங்களைத் தவறான ஆறுகளில் கொட்டியிருக்கிறது. நோய்க்கு அது திறந்துவிடும் வழியைக் கேள்வி 8-இல் பார்த்தோம்.

14. தவளைக்கால் உண்பதும் ஒரு காரணமா?

ஆம், குறிப்பிட்ட சில இனங்களுக்கு. இந்தியா ஒரு காலத்தில் தவளைக்கால் ஏற்றுமதியில் முன்னணியில் இருந்தது. வயல்களில் தவளை குறைந்து பூச்சி பெருகுகிறது என்ற கவலை எழுந்து, 1987-இல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. வணிகம் நிற்கவில்லை, இடம் மாறியது. இப்போது இந்தோனேசியா முதன்மை ஏற்றுமதியாளர், ஐரோப்பிய நாடுகள் முதன்மை வாங்குநர். பிடிக்கப்படுபவற்றில் பெரும்பகுதி காட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வருபவை, பண்ணையில் வளர்ந்தவை அல்ல. ஒரு நாட்டின் தடை பக்கத்து நாட்டின் தவளைகள் மேல் சுமையாக இறங்கும் என்பதால் வாங்கும் நாடுகளின் சட்டமே இங்கு முதலில் மாற வேண்டும்.

15. தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தவளைக்கு என்ன கவலை?

வேலி ஆட்களைத் தடுக்கும். பூஞ்சையையும் வெப்பத்தையும் தடுக்காது. பொன்தேரை மறைந்த மொன்டிவெர்டே பாதுகாக்கப்பட்ட காடுதான். மலையுச்சி இனங்கள் வெப்பம் கூடும்போது மேலே நகரும். உச்சிக்கு மேல் நிலம் இல்லை.

சில வேளைகளில் பூங்கா நிருவாகமே காரணமாக இருந்திருக்கிறது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா உயரேரிகளில் இயற்கையாக மீனே கிடையாது. தூண்டில் பொழுதுபோக்குக்காகப் பல்லாண்டுகள் அவற்றில் டிரௌட் மீன் விடப்பட்டது; மஞ்சட்கால் மலைத்தவளையின் தலைப்பிரட்டைகள் தீர்ந்தன. வலை போட்டு மீனை அகற்றிய ஏரிகளில் தவளைகள் மீண்டும் பெருகின. பின்னர், பூஞ்சையைத் தாங்கிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து தவளைகளை எடுத்து வெறுமையான ஏரிகளில் விட்டபோது சில இடங்களில் அவை நிலைபெற்றன. கேள்வி 6-இன் இறுதியில் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

16. சாதாரணமாகக் குளம் வெட்டினால் பயன் உண்டா, அல்லது அது மனநிறைவுக்கு மட்டுமா?

நல்ல பயன் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் சுமார் இருபது ஆண்டுகளில் 400-க்கு மேற்பட்ட குளங்கள் புதிதாக அமைக்கப்பட்டன. சாலைகளும் ஊர்களும் நெருக்கமான அந்தப் பகுதியிலும் பெரும்பாலான இருவாழ்வி இனங்கள் பெருகின அல்லது சரிவு நின்றது. ஐரோப்பிய மரத்தவளை குறிப்பிடத்தக்க அளவில் மீண்டது.

குளம் என்றால் ஆழமான, கரை கட்டிய, மீன் விட்ட நீர்நிலை அல்ல. ஆழமின்மை, சரிவான கரை, வெயில், ஆண்டில் சில மாதம் வற்றும் தன்மை ஆகியவையே தவளைக்கு நல்லவை. வற்றினால் மீன் நிலைக்காது. ஒன்றுக்கொன்று நடந்தே அடையக்கூடிய தொலைவில் பல சிறு குளங்கள் இருப்பது ஒரு பெருங்குளத்தைவிட மேல். இடையே சாலை இருந்தால் அடியில் சுரங்கவழியும், அதற்குள் வழிநடத்தும் தாழ்ந்த தடுப்பும் வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்சின் ஆம்ஹர்ஸ்ட்டில் 1987-இல் புள்ளிச் சாலமாண்டர்களுக்காக இப்படி அமைத்தார்கள்.

17. நான் ஆய்வாளன் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

முதலில், நல்லெண்ணத்தோடு கூடத் தவளையையோ தலைப்பிரட்டையையோ ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். வளர்ப்பு விலங்கையும் தொட்டி நீரையும் வெளியே விடாதீர்கள். ஓர் ஓடையில் இறங்கிய காலணியைச் சேறு போகக் கழுவி, முழுதும் உலர்த்திய பின்பே அடுத்ததில் இறங்குங்கள். கையில் கொசுவிரட்டியோ களிம்போ இருக்கும்போது தவளையைத் தொட வேண்டாம். கேள்வி 5-இல் சொன்ன தோல் அதை அப்படியே உள்ளே வாங்கும்.

அடுத்து, கேட்டதையும் பார்த்ததையும் இடம், தேதியோடு பதிவு செய்யுங்கள். கைபேசியில் பதிந்த ஒரு நிமிடக் குரல்கூட இனத்தை அடையாளம் காணப் போதுமானது. இனப்பெருக்கத்துக்கு ஆண்டில் சில நாள்களே வெளிவரும் விலங்குகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, பருவமழையின் தொடக்கத்தில் மட்டும் மேலே வருகிறது. அறிவியல் உலகம் அதை 2003-இல்தான் முறையாக விவரித்தது, மண்ணோடு பழகியவர்களுக்கோ அது முன்பே தெரியும். அத்தகைய நாள்களில் அங்கே இருப்பவர் அந்த இடத்து மக்களே, ஆய்வாளர் அல்லர்.

18. அழிந்துவிட்டது என்று அறிவித்த தவளை மறுபடி கிடைக்கிறதே, அப்படியானால் அறிவிப்பே தவறுதானே?

சில அறிவிப்புகள் அவசரமாக அமைந்தன என்பது உண்மை. இஸ்ரேலின் ஹூலா ஏரி 1950-களில் வடிக்கப்பட்டது. அங்கு மட்டும் வாழ்ந்த வண்ணத்தவளை 1996-இல் அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் உயிரோடு கிடைத்தது. ஏரியின் ஒரு பகுதிக்கு மீண்டும் நீர் விட்டதும் இதற்கு உதவியது. இலங்கையின் புதர்த்தவளை ஒன்று 1853-க்குப் பின் எவர் கண்ணிலும் படாமல், 2009-இல் சிவனொளிபாத மலைக்காட்டில் கிடைத்தது. ஆனால் அதே இலங்கையில் பத்துக்கு மேற்பட்ட இனங்கள் அருங்காட்சியகப் புட்டிகளில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன, தேடியும் கிடைக்கவில்லை.

மீண்டும் கிடைப்பது மீண்டுவிட்டது என்றாகாது. சில பத்து விலங்குகள் ஒரு சிறு துண்டுக் காட்டில் எஞ்சியிருப்பதே பெரும்பாலும் தெரியவருகிறது. அறிவிப்பைத் தாமதப்படுத்துவதிலும் தீங்கு உண்டு, அவசரப்படுத்துவதிலும் உண்டு. அழிந்தது என்றால் தேடுதலும் நிதியும் நிற்கும், வாழிடப் பாதுகாப்பும் தளரும். ஆகவே ஐயத்துக்கு இடமில்லாத அளவு தேடிய பின்பே அப்படி அறிவிக்க வேண்டும் என்ற விதி சரியானது.

19. உறைய வைத்த திசுவிலிருந்து அழிந்த தவளையை மீட்டெடுக்க முடியாதா?

கேள்வி 4-இல் வந்த இரைப்பைத் தவளையின் உறைந்த திசுவிலிருந்து உட்கருவை எடுத்து, வேறொரு தவளையின் முட்டையில் வைத்து, ஆரம்பநிலைக் கருக்களை உருவாக்கியதாக ஆஸ்திரேலியக் குழு 2013-இல் அறிவித்தது. அவை சில நாள்களில் இறந்தன. தலைப்பிரட்டை நிலையை எட்டவில்லை.

உயிரோடு இருக்கும் இனங்களுக்கு உறைபதனம் இன்றே உதவுகிறது. புவெர்ட்டோ ரிக்கோ கொண்டைத்தேரையின் விந்தணுவைத் தீவிலேயே சேகரித்து, உறையவைத்து, அமெரிக்கப் பெருநிலத்தில் வளர்ப்பிலிருந்த பெண்ணின் முட்டைகளோடு சேர்த்து 2019-இல் குட்டிகளைப் பெற்றார்கள். விலங்கைப் பிடிக்காமலேயே காட்டின் மரபு வேறுபாடு வளர்ப்புக்குள் வருகிறது. முட்டைகளை உறையவைத்து மீட்பதற்கு இன்னும் வழி இல்லை. ஆகையால் பெண் விலங்கு உயிரோடு இருந்தே தீர வேண்டும்.

20. ஓர் இனம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எப்போது சொல்வீர்கள்?

விடப்பட்ட விலங்குகள் உயிரோடு இருப்பது முதல் படி. அவை இனம்பெருக்குவது இரண்டாவது. அங்கேயே பிறந்தவை வளர்ந்து தாமும் இனம்பெருக்கி, புதிதாக எதையும் விடாமலேயே பல தலைமுறைகள் எண்ணிக்கை நிலைத்தால் மட்டுமே இனம் மீண்டது எனலாம். இந்த அளவுகோலின்படி தேறியவை மிகக் குறைவு.

இதிலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. கிஹான்சி பள்ளத்தாக்கில் அருவியின் தூறலை இப்போது தருவது குழாய்வழித் தெளிப்பு அமைப்பு. குழாய் அடைத்தாலும் பராமரிப்பு நின்றாலும் அந்த இரண்டு ஹெக்டேர் உலரும். அதனால் அந்தத் தேரையை மீண்ட இனம் என்று நான் சொல்லமாட்டேன்; தொடர் பராமரிப்பில் வாழும் இனம் என்பேன். அணையிலிருந்து அருவிக்குத் திறந்துவிடும் நீரின் அளவை நிலையாக உயர்த்தினால் அந்தச் சார்பு குறையும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் மின்சாரமும் நீரும் பங்கிடுபவர்கள். உயிரியலாளரின் அதிகாரம் அங்கே செல்லாது.